ஐரிஸுக்கு மட்டும் வெள்ளரிக்காய்

வட இங்கிலாந்தின் கம்பளி ஊரான கிளெக்பர்னில் ஒருவரிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள் என்றால், அவரை இன்னும் ஊருக்குள் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். சேர்த்துக்கொண்டவர்களைத் திட்டுவார்கள். கசாப்புக்கடை வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து, "என்னடி, இன்னிக்கு மூஞ்சி கழுவாமலே வந்துட்டியா?" என்று கேட்டால், இரண்டு குடும்பமும் மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஐரிஸ் ஹெப்வொர்த் வந்து வரிசையில் நின்றால் மட்டும் பேச்சு அடங்கிவிடும்.

"வாங்க மிஸஸ் ஹெப்வொர்த், முன்னால போங்க. எங்களுக்கு என்ன அவசரம்?"

அவளுக்கும் அவசரம் கிடையாது. ஆனாலும் முன்னால் போவாள். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

அவள் லண்டன்காரி. கிளெக்பர்னைப் பொறுத்தவரை ஷெஃபீல்டைத் தாண்டித் தெற்கே இறங்கிவிட்டால் எல்லாரும் ஒரே சாதி. ஒயின் குடிப்பார்கள், ஓபரா கேட்பார்கள், ரொட்டியின் ஓரத்தை வெட்டி எறிவார்கள், மழை வந்தால் ஆச்சரியப்படுவார்கள். ஐரிஸின் அப்பா லண்டனின் கூலிக்காரர் பேட்டையான டெப்ட்ஃபோர்டில் நிலக்கரி வண்டி ஓட்டியவர். அவள் அதை மறைக்கவில்லை. வந்த முதல் மாதமே சொன்னாள். "எவ்வளவு அடக்கம் பாரு. பெரிய இடத்துப் பொண்ணுங்க இப்படித்தான் சொல்லிக்கும்" என்று ஊர் மெச்சியது. ஒருநாள் வாய் தவறி, வீட்டு ஞாபகத்தில், விலாங்கு மீனை வேகவைத்து அதன் பசையிலேயே உறையவிட்டுச் சாப்பிட ஆசையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். டெப்ட்ஃபோர்டில் அது கூலிக்காரர்கள் தெருமுனையில் நின்று தின்பது. கிளெக்பர்னில் அது பிரெஞ்சு சமையல் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாம் தனிதான். மலர்க் கண்காட்சிக்கு ரிப்பன் வெட்ட அவள். கல்யாணங்களில் ஒயின் புட்டியைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்க்க அவள். முகர்வாள், "ம், நல்லாத்தான் இருக்கு" என்பாள், கூட்டம் நிம்மதியாகத் தலையாட்டும். ஒயினுக்கும் வினிகருக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது கறுப்பு பீர். அதை அவள் கையில் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

நாத்தனார் மேவிஸ் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இன்னும் கொடுமை. எல்லாருக்கும் மாட்டுக்கறி வறுத்த கொழுப்பைத் தடவிய சூடான ரொட்டி, மாவுக்குள் கறி அடைத்துச் சுட்ட ‘பை’, மேலே குழம்பு. ஐரிஸின் தட்டில் மட்டும் ஓரம் வெட்டிய வெள்ளை ரொட்டி இரண்டு, நடுவில் வெள்ளரிக்காய்.

"உனக்குன்னு தனியா செஞ்சேன் கண்ணு," என்பாள் மேவிஸ். உண்மையில் சிரமப்பட்டுத்தான் செய்திருப்பாள். கிளெக்பர்னில் பிப்ரவரியில் வெள்ளரிக்காய் கிடைப்பது லேசு இல்லை. ஐரிஸ் நன்றி சொல்லிவிட்டு ஈர ரொட்டியை மெல்வாள். பக்கத்துத் தட்டிலிருந்து குழம்பு வாசனை மூக்கைத் துளைக்கும்.

இத்தனைக்கும் ஆரம்பம் ஒரே ஒரு வாக்கியம். சொன்னவன் அவள் புருஷன்.

வில்ஃப் ஹெப்வொர்த் சாயப்பட்டறையில் மேஸ்திரி. நகக்கண்ணில் எப்போதும் நீலம். கனத்த ஆள், குறைந்த பேச்சு, ரக்பி பைத்தியம். வருடா வருடம் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு ஊரே பஸ் பிடித்து லண்டன் போகும். ஒரு வருடம் ஆட்டம் முடிந்து மற்றவர்கள் குடிக்கப் போனபோது வில்ஃப் மட்டும் நழுவி, ஆற்றோரம் இருந்த ஒரு கச்சேரி மண்டபத்துக்குப் போனான். நான்கு பேர் வாசிக்கும் வயலின் கச்சேரி. அங்கே தொப்பியும் கோட்டும் வாங்கி வைக்கும் இடத்தில் ஐரிஸ் வேலை பார்த்தாள். உள்ளே என்ன வாசிக்கிறார்கள் என்று அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஆயிரம் கோட்டுக்கு நடுவில் ரக்பி துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்து நின்ற ஒருவனை மட்டும் பார்த்தாள். இடைவேளையில் அவன் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. அடி பட்டிருக்கிறது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

அடுத்த வருடம் அவளைக் கல்யாணம் செய்து ஊருக்குக் கூட்டி வந்தான். "எங்கேடா பிடிச்சே இவளை?" என்று மேவிஸ் கேட்டாள்.

"ஒரு கச்சேரியில சந்திச்சோம்," என்றான் வில்ஃப்.

பொய் இல்லை. ஆனால் சாயப்பட்டறை மேஸ்திரி கச்சேரிக்குப் போவான் என்று கிளெக்பர்னால் கற்பனை செய்ய முடியாது. லண்டன் பெண் போவாள் என்று கற்பனை செய்ய முடியும். ஊர் கணக்கைத் தானே போட்டுக்கொண்டது. வில்ஃப் திருத்தவில்லை.

வேடிக்கை என்னவென்றால், கிளெக்பர்னில் நூறு வருடமாக ஓர் இசைச் சங்கம் இருக்கிறது. கம்பளி வியாபாரிகள் தொடங்கியது. குளிர்காலத்தில் மாதம் ஒரு வியாழக்கிழமை நகர மண்டபத்தில் கச்சேரி. லண்டனில் பாதிப் பேட்டைகளில் இப்படி ஒன்று கிடையாது. டெப்ட்ஃபோர்டில் கிடையவே கிடையாது. ஆனால் ஊரைக் கேட்டால், எங்களுக்குப் பித்தளை வாத்தியமும் மசித்த பட்டாணியும் போதும் சாமி என்பார்கள். மண்டபத்தின் முன்வரிசைகளில் டாக்டரும் வாத்தியார்களும் உட்கார்வார்கள். பின்வரிசையில் பத்துப் பன்னிரண்டு ஆலைக்காரர்கள். ஒவ்வொருவனிடமும் ஒரு சாக்கு இருக்கும். ஒருவன் கதவு காக்க வந்தவன். இன்னொருவன் மழைக்கு ஒதுங்கியவன். மண்டபத்துக்கு எதிரே, ஊர் குடிக்கக் கூடும் உழைப்பாளர் கிளப்பை நடத்தும் சிரில், மண்டபத்தைச் சூடாக்கும் கொதிகலனைப் பார்க்க வருகிறவன். அந்தக் கொதிகலன் பதினைந்து குளிர்காலமாகக் கச்சேரி நாளில் மட்டும் பழுதாகிறது. வில்ஃபின் சாக்கு ஐரிஸ்.

கச்சேரி நாளில் வில்ஃப் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, அதற்குப் பொருத்தமாக ஒரு முகத்தையும் போட்டுக்கொள்வான். பல் பிடுங்கப் போகிறவன் முகம். ஐரிஸின் கையைப் பிடித்துக்கொண்டு கிளப் வாசலைத் தாண்டும்போது உள்ளிருந்து குரல் வரும்:

"மாட்டிக்கிட்டியா வில்ஃப்?"

"என்ன பண்றது?" என்பான் வில்ஃப், தோளைக் குலுக்கி.

மறுநாள் கிளப்பில் அவனுக்காக யாராவது ஒரு பீர் வாங்கி வைத்திருப்பார்கள், ஆறுதலுக்கு. மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்து விளக்கு அணைந்ததும் முகம் கழன்றுவிடும். அசையாமல் உட்கார்ந்திருப்பான். மெதுவான பகுதி வந்தால் கண் துளிர்க்கும். ஐரிஸ் பக்கத்தில் உட்கார்ந்து, செல்லோ என்ற பெரிய வயலினின் முகப்பில் கண்ணாலேயே ஒரு வட்டம் வரைந்துகொண்டு, மனசுக்குள் அதில் டார்ட்ஸ் அம்பு எறிந்துகொண்டிருப்பாள்.

ஏனென்றால் அவளுக்குப் பிடித்தது அதுதான். டெப்ட்ஃபோர்டில் அவள் வீட்டில் எல்லாருமே எறிவார்கள். பத்தொன்பது வயதில் பேட்டை மதுக்கடையின் பெண்கள் கோப்பையை வாங்கியவள். ஆனால் கிளெக்பர்ன்காரர்களுக்கு டார்ட்ஸ் வடக்கத்தி ஆட்டம், தங்கள் பாட்டன் சொத்து. அதிலும் அவர்கள் பலகை வேறு. லண்டன் பலகையில் இருக்கும் மும்மடங்கு வளையம் இங்கே கிடையாது. "மூணு பங்கு யாருக்கு வேணும்? உழைக்காம எண்ணிக்கை ஏத்தற சோம்பேறிங்களுக்கு," என்பார்கள். வெளி விளிம்பில் இருக்கும் ஒல்லியான இரட்டை வளையம் மட்டும்தான் இங்கே உண்டு. முந்நூற்றொன்றிலிருந்து குறைத்துக்கொண்டே வந்து, அந்த வளையத்தில் கடைசி அம்பைக் குத்தி முடிக்க வேண்டும்.

கல்யாணமான வருடமே வில்ஃப் ஒரு கிளெக்பர்ன் பலகை வாங்கி வந்து, நிலவறையில் கரி கொட்டும் மூலைக்கு எதிரே மாட்டிக் கொடுத்தான். "ஒரு வருஷம் பொறுத்துக்கோ. அப்புறம் நானே அக்காகிட்ட சொல்லி உன்னை டீம்ல சேக்கறேன்," என்றான். லண்டன் கை பழகிய இடத்துக்கு நாலு விரல் மேலே குறி பார்க்க ஐரிஸ் கற்றுக்கொண்டாள். மேலே வானொலியில் வில்ஃப் வயலின் கேட்பான், கீழே அவள் எறிவாள். பக்கத்து வீட்டுக்கு இரண்டும் கேட்கும். "அவ பாட்டைப் போட்டுட்டா. பாவம், அவன் நிலவறைக்குப் போய்ச் சுவத்துல முட்டிக்கிறான்," என்று பக்கத்து வீட்டுக்காரி ஊருக்குச் சொல்லிவைத்தாள்.

அந்த ஒரு வருடம் முடியவே இல்லை. யாரும் அவளை வதைக்கவில்லை. புருஷன் நல்லவன். சண்டை போடவும் ஒரு நாள் வாய்க்கவில்லை. இப்படித்தான் இருபத்திரண்டு வருடம் போனது.

வாய்த்தது மார்ச் மாதத்தில். கிளப்பின் பெண்கள் டார்ட்ஸ் அணி முதல்முறையாக லீக் இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது. அணிக்கு ஐந்து பேர், தலைவி மேவிஸ். ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பிரெண்டா என்பவள் பஸ் படியில் சறுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் மேவிஸ் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு கையும் ஒழுங்கா இருக்கிற ஒரு பொம்பளை இந்த ஊர்ல கிடையாதா? யாராவது போதும். எறிஞ்சா பலகைக்குப் போகணும், அவ்வளவுதான்."

"நான் வரேன்," என்றாள் ஐரிஸ்.

மேவிஸ் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, நோயாளியிடம் பேசுகிற மாதிரி, மிருதுவாகச் சொன்னாள்: "நல்ல மனசு கண்ணு உனக்கு. ஆனா அந்த இடம் உனக்கு ஒத்து வராது. ஒரே புகை. வர்றவளுங்க வாயைத் திறந்தா காது கூசும்."

"எனக்கு ஆடத் தெரியும் மேவிஸ்."

"தெரியும், தெரியும். லண்டன்ல அந்த மூணு பங்குப் பலகை..."

ஐரிஸ் எழுந்தாள். மேவிஸ் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் பயிற்சிப் பலகை மாட்டியிருந்தது. மேலே இருந்த மூன்று அம்புகளை எடுத்து, எறியும் கோட்டைப் பார்த்துக்கூட நிற்காமல், எறிந்தாள். இரட்டை இருபது. இரட்டை இருபது. மூன்றாவது கம்பியில் பட்டு இருபதில் நின்றது.

மேசையில் யாரும் மெல்லவில்லை. வில்ஃப் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, கை இருக்கு," என்றாள் மேவிஸ், கடைசியில். குரலில் மிருது கொஞ்சம் குறைந்திருந்தது. "ஆனா ஆட்டம் எப்போன்னு தெரியுமா? வர வியாழக்கிழமை. அன்னிக்கு உன் வயலின்காரங்க வராங்க. என் தம்பியை இருபத்திரண்டு வருஷமா கழுத்துல கயிறு போட்டு அங்க இழுத்துட்டுப் போற. ஒரு மாசம் விட்டதில்ல. நான் உன் பேரைக் கரும்பலகையில எழுதி வச்சிட்டு நிப்பேன், நீ கடைசி நிமிஷத்துல பொடிநடையா எதிர்ப்பக்கம் போயிடுவ. நாலு பேரோட நான் தோக்கணுமா?"

"போக மாட்டேன்."

"போவ கண்ணு. உன் ரத்தம் அப்படி. தப்பு சொல்லல."

ஐரிஸ் வில்ஃபைப் பார்த்தாள். வில்ஃப் ஒரு பட்டாணியைத் தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"சொல்லிடு வில்ஃப்."

"என்னன்னு?"

"உனக்குத்தான் பிடிக்கும்னு."

வில்ஃப் தண்ணீர் கொதிக்க வைத்தான். இக்கட்டு வந்தால் தேநீர் போடுவது அவன் வழக்கம். "இப்படிச் செய்யலாமே," என்றான் முதுகைக் காட்டிக்கொண்டு. "நீ ஆடப் போ. நானும் கிளப்புக்கு வந்து உக்காந்துக்கறேன். உனக்குக் கை தட்டறேன்."

"நீ வந்து உக்காந்தா ஊர் என்ன சொல்லும்? ஒரு மாசம் விடுதலை குடுத்தா மகராசின்னு சொல்லும். நான் அதே மகராசியாத்தான் இருப்பேன். அடுத்த மாசம் மறுபடியும் வெள்ளரிக்காய்."

"பட்டறையில அறுபது பேர் என் கீழ வேலை செய்யறாங்க ஐரிஸ். ரெண்டு வருஷத்துல ஓய்வு. அதுவரைக்கும்..."

"முதல்ல ஒரு வருஷம்னு சொன்ன."

வில்ஃப் தேநீரை ஊற்றினான். கோப்பையை அவள் முன் வைத்தான்.  அவனுக்கு அந்தக் கச்சேரி எவ்வளவு முக்கியம் என்று அவளுக்குத் தெரியும். வருகிற நால்வரை அவன் அக்டோபரிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். அது தெரிந்ததால்தான் இத்தனை வருடம் போர்வையாக இருந்தாள். ஆனால் போர்வைக்கும் குளிரும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

"நீ கச்சேரியை விட வேண்டாம்," என்றாள். "போ. நல்ல கோட்டைப் போட்டுட்டுப் போ. தனியாப் போ. கிளப் வாசல் வழியாப் போ. நான் கேக்கறது அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா!" என்றான் வில்ஃப், உண்மையான பயத்தோடு.

அந்த வாரம் முழுக்க வீட்டில் வானொலி பாடவில்லை. நிலவறையில் மட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி, முற்றிவிட்டது என்று ஊருக்குத் தகவல் கொடுத்தாள்.

வியாழக்கிழமை ஆறரைக்கே ஐரிஸ் கிளப்புக்குப் போய்விட்டாள். எதிரணியினர் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். புகை மூட்டத்தில் விளக்குகள் மஞ்சளாகத் தெரிந்தன. கரும்பலகையில் மேவிஸ் நான்கு பெயர் எழுதி, நான்காவது இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். கையில் சுண்ணாம்புக்கட்டி.

"வந்துட்டேனே மேவிஸ். எழுதுங்க."

"இரு கண்ணு. கச்சேரி ஏழரைக்கு. ஏழரை ஆகட்டும். உனக்கு மனசு மாறினா எழுதின பேரை அழிக்க வேண்டாம் பாரு."

சிரில் கவுன்டருக்குப் பின்னால் கோப்பை துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தான். அன்று அவனும் அடிக்கடி பார்த்தான்.

ஏழே கால் தாண்டியதும் கதவு திறந்தது. வில்ஃப். நல்ல கோட்டு, தலை வாரியிருந்தது. வழக்கம்போல அந்தப் பல் பிடுங்கும் முகத்தோடு வந்து நின்றான். கிளப் முழுக்க ஓர் ஆரவாரம் எழுந்தது.

"தப்பிச்சிட்டான்டா! வில்ஃப் தப்பிச்சிட்டான்!"

"விடுதலை நாள்! சிரில், ஊத்து அவனுக்கு!"

யாரோ பீர் கோப்பையை அவன் கையில் திணித்தார்கள். நுரை தளும்பியது. அதைக் குடித்துவிட்டு உட்கார்ந்தால் போதும், சாகும்வரை சௌகரியம். ஐரிஸ் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் உதவி செய்துவிடுவோம் என்று பயந்து, பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் இருந்த அம்பின் இறகு வியர்வையில் ஒட்டியது.

வில்ஃப் கோப்பையை மெல்லப் பக்கத்து மேசையில் வைத்தான்.

"நான் இருக்க வரல," என்றான். "கச்சேரிக்குப் போறேன். போற வழியில அவளுக்கு நல்லபடியா ஆடுன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"டேய்," என்றாள் மேவிஸ். "உன் பொண்டாட்டி இங்க நிக்கறா. நீ எதுக்குடா அங்க போற?"

"எனக்குப் பிடிக்கும்க்கா."

"என்ன பிடிக்கும்?"

"வயலின்." அந்தச் சொல்லைச் சொல்வதற்குள் அவன் காது சிவந்துவிட்டது. "எப்பவும் எனக்குத்தான் பிடிக்கும். அவளுக்குப் பிடிக்காது. ஒருநாளும் பிடிச்சதில்ல. என்னாலதான் வந்து உக்காந்தா. அவளைக் கயிறு போட்டு இழுத்துட்டுப் போனது நான்."

அவ்வளவு நீளமாக வில்ஃப் பேசிக் கிளப்பில் யாரும் கேட்டதில்லை. சீட்டாடிக்கொண்டிருந்த ஒரு மேசை கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தது. பட்டறைப் பையன்கள் மூன்று பேர் மூலையில் நின்று வாயைப் பிளந்தார்கள்.

"இதைச் சொல்லச் சொல்லி அவ அனுப்பினாளா?" என்றாள் மேவிஸ், சந்தேகமாக.

"ஆமா, அனுப்பினா. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்." திரும்பினான். கதவருகில் நின்று, "ஐரிஸ், நாலு விரல் மேல," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜன்னல் வழியாகக் கிளப் முழுவதும் பார்த்தது. வில்ஃப் தெருவைக் கடந்தான். பழக்க தோஷத்தில் முகம் இன்னும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பாதி வழியில்தான் அது இனித் தேவையில்லை என்று ஞாபகம் வந்ததுபோல, கையால் வாயைத் துடைத்தான். மண்டபப் படியில் இரண்டிரண்டாக ஏறினான்.

யாரும் எதுவும் சொல்வதற்குள் சிரில் துண்டைக் கவுன்டரில் வீசினான். "கொதிகலனைப் பாக்கணும்," என்றான் பொதுவாகக் காற்றைப் பார்த்து. கோட்டை மாட்டிக்கொண்டே வெளியே ஓடினான்.

மேவிஸ் சுண்ணாம்புக்கட்டியைக் கையில் உருட்டினாள். அவளுக்கு அறுபத்தேழு வயது. தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று தனக்குத் தெரியாது என்பதை ஒரு கூட்டத்துக்கு நடுவில் தெரிந்துகொள்வது சுகமான காரியம் இல்லை. ஐரிஸுக்கு அந்த நேரத்தில் அவள் மேல் இரக்கம்கூட வந்தது. மேவிஸ் கரும்பலகைக்குத் திரும்பி, நான்காவது இடத்தில், கட்டி உடையும்படி அழுத்தி, "ஐரிஸ்" என்று எழுதினாள். மிஸஸ் ஹெப்வொர்த் என்று எழுதவில்லை.

முதல் மூன்று ஆட்டத்தில் கிளெக்பர்ன் ஒன்றுதான் ஜெயித்தது. ஐரிஸ் எறியும் கோட்டில் வந்து நின்றபோது எதிரணியிலிருந்து ஒரு தடித்த குரல், "இவதான் அந்த லண்டன் ராணியா?" என்றது. ஐரிஸின் கை முதல் சுற்றில் பதறிப் பழைய இடத்துக்கே போனது. மூன்று அம்பும் இருபதின் மும்மடங்கு வளையம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாகக் குத்தின. டெப்ட்ஃபோர்டில் நூற்றெண்பது. இங்கே அறுபது.

பிறகு அவளுக்கே தெரியாமல் ஒன்று நடந்தது. கை ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டது. தூக்கு, நிறுத்து, விடு. தூக்கு, நிறுத்து, விடு. மெதுவான பகுதியில் செல்லோக்காரர் வில்லை இழுக்கும் அதே நிதானம். பிடிக்காத ஒன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடம் கேட்டால் அது பிடித்துவிடும் என்றில்லை. ஆனால் கைக்குள் போய் உட்கார்ந்துவிடும் போலிருக்கிறது. வில்ஃபிடம் இதைச் சொல்லக்கூடாது என்று எறிந்துகொண்டே தீர்மானித்தாள்.

பதினாறு மிச்சம். இரட்டை எட்டு வேண்டும். முதல் அம்பு கம்பிக்கு வெளியே. இரண்டாவதும் வெளியே. எதிராளிக்கு இன்னும் ஒரே அடிதான் பாக்கி, அவள் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பக்கத்தில் காத்திருந்தாள். மூன்றாவது உள்ளே போய்க் குத்தியது.

கிளப் கத்தியது. இரண்டுக்கு இரண்டு. கடைசி ஆட்டம் தலைவியுடையது.

மேவிஸ் அந்த லீக்கிலேயே நல்ல ஆட்டக்காரி. ஆனால் அன்று அவள் ஒவ்வொரு முறை எறிந்துவிட்டுத் திரும்பும்போதும் கண் ஜன்னலுக்குப் போனது. எதிரே மண்டபத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒருமுறை கதவு திறந்து மூடியபோது, மெல்லிய நூல் மாதிரி ஒரு சத்தம் தெருவைத் தாண்டி வந்தது. மேவிஸ் அம்பைக் கையில் வைத்துக்கொண்டு அது நிற்கும்வரை நின்றாள். பிறகு எறிந்தாள். பலகையில் படாமல் சுவரில் குத்தியது. ஆட்டம் போனது, கோப்பையும் போனது.

ஆட்டம் முடிந்ததும் சாப்பாடு. பின்பக்கத்திலிருந்து தட்டுகள் வந்தன. பன்றிக்கறிப் பை, மசித்த பட்டாணி, மேலே புதினாச் சாறு. மேவிஸ்தான் பரிமாறினாள். தோற்ற தலைவி பரிமாறுவது அங்கே வழக்கம். எதிரணிக்கு வைத்தாள், தன் அணிக்கு வைத்தாள். கவுன்டரின் கடைசியில் ஒரு தட்டு துணி போட்டு மூடியிருந்தது. ஓரம் வெட்டிய ரொட்டி. மத்தியானமே செய்து வைத்தது.

மேவிஸ் துணியை எடுத்துப் பார்த்தாள். ஐரிஸைப் பார்த்தாள்.

"ரெட்டை எட்டை ரெண்டு தரம் விட்டியே," என்றாள். மிருது முழுக்கப் போயிருந்தது. "கண்ணு எங்கடி வச்சிருந்த, பொடனியிலயா? முதல் அம்புலயே முடிச்சிருந்தா அவளுங்க சோர்ந்திருப்பாளுங்க. எனக்கும் கை நடுங்கியிருக்காது. உன்னாலதான் போச்சு கோப்பை."

ஐரிஸ் ஜெயித்துக் கொடுத்தவள். அதைக் கிளப்பில் எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தர்கூட அதை எடுத்துச் சொல்லவில்லை.

"நீங்க சுவத்துல குத்துனீங்களே, அது எந்தக் கண்ணால?" என்றாள் ஐரிஸ்.

 பிரெண்டா, கட்டுப்போட்ட கையோடு, முதலில் சிரித்தாள். மேவிஸ் சிரிக்கவில்லை. பெரிய கறிப் பையாகப் பார்த்து ஒன்றைத் தட்டில் போட்டு, பட்டாணியைக் கொட்டி, "வாயைப் பாரு இவளுக்கு," என்று சொல்லிக்கொண்டே ஐரிஸின் முன்னால் டொங்கென்று வைத்தாள். புதினாச் சாறு தெறித்து ஐரிஸின் நல்ல சட்டையில் விழுந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை.

கச்சேரி விட்டு வில்ஃப் வந்தபோது அவள் இரண்டாவது கறிப் பையைத் தின்றுகொண்டிருந்தாள். அவனோடு சிரிலும் வந்து, "கொதிகலன் பரவாயில்ல," என்று அறிவித்துவிட்டுக் கவுன்டருக்குப் பின்னால் நுழைந்தான். வில்ஃபின் கண் சிவந்திருந்தது. கூட்டம் அவனுக்கு வழிவிட்டது, ஆனால் யாரும் பீர் வாங்கி வைத்திருக்கவில்லை. தானே பிடித்துப் போகிறவனுக்கு எதற்கு ஆறுதல்? அவன் சட்டைப் பையைத் துழாவிக் காசு எடுத்து, தனக்கு ஒன்றும் ஐரிஸுக்குக் கறுப்பு பீர் ஒன்றும் வாங்கினான்.

"எப்படிடா இருந்துச்சு?" என்றாள் மேவிஸ், அவனைப் பார்க்காமல், மேசையைத் துடைத்துக்கொண்டு.

"பரவாயில்லக்கா."

"வெளிய வரைக்கும் கேட்டுச்சு." கொஞ்சம் துடைத்தாள். "பூனையை மிதிச்ச மாதிரி."

"அது ரெண்டாவது பகுதி," என்றான் வில்ஃப். "அதுதான் நல்லா இருக்கும்."

மேவிஸ் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அடுத்த மாதம் அவன் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும் என்பது அவளுக்குத் தோன்றியதா என்று ஐரிஸுக்குத் தெரியவில்லை. தோன்றியிருந்தாலும் அதற்கு ஒரு சாக்குக் கண்டுபிடிக்க மேவிஸுக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

மறுநாள் காலை கசாப்புக்கடை வரிசையில் புதுக்கதை தயாராக இருந்தது. லண்டன்காரி புருஷனைத் தனியாகக் கச்சேரிக்குத் துரத்திவிட்டு, தான் கிளப்பில் குடித்துக் கூத்தடித்தாளாம், பாவம் வில்ஃப். ஐரிஸ் வந்து நின்றபோது பேச்சு அடங்கவில்லை. அவளை முன்னால் போகச் சொல்லவும் இல்லை.

"வரிசையில நில்லுடி," என்றாள் முன்னால் நின்றவள். "எங்களுக்கு மட்டும் வேலை இல்லையா?"

ஐரிஸ் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் முறை வர வெகுநேரம் ஆயிற்று.